பழைய விண்வெளித் தொடர்களை வீட்டில் மறுபடி பார்க்க: டிஸ்க் வாங்குவது முதல் கேசட்டைக் காப்பாற்றுவது வரை

பழைய அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றைத் திரும்பப் பார்க்க உட்காரும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அது ஃபிலிமில் எடுத்ததா, வீடியோ டேப்பில் எடுத்ததா? எந்த டிஸ்க்கை வாங்குவது, டிவியில் எதை அணைத்து வைப்பது, பரணில் கிடக்கும் கேசட்டை என்ன செய்வது என்பதெல்லாம் இந்த ஒரு விடையிலிருந்துதான் கிளைக்கிறது. இதை விட்டுவிட்டுக் காசைக் கொட்டி டிஸ்க் வாங்கியவர்கள் "அந்தக் காலத்துல பார்த்த மாதிரி இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பெரும்பாலும் தொடர் மீது குறை இருக்காது, பார்க்கிற விதத்தில்தான் இருக்கும்.

ஃபிலிமா, வீடியோவா

1966 முதல் 1969 வரை வந்த முதல் ஸ்டார் ட்ரெக், 79 அத்தியாயங்களும் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தவை. 1965-இல் தொடங்கிய தண்டர்பேர்ட்ஸ் பொம்மைத் தொடரின் 32 அத்தியாயங்களும், 1975-இல் தொடங்கிய ஸ்பேஸ்: 1999-இன் 48 அத்தியாயங்களும் அப்படியே. அன்றைய டிவிப் பெட்டி காட்டியதைவிடப் பல மடங்கு நுணுக்கம் அந்த நெகட்டிவில் இருக்கிறது. அதனால் இந்த வகைக்குப் புளூ-ரே வாங்கினால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். சீருடைத் துணியின் இழை தெரியும், விண்கல மாடலில் கை வண்ணம் தெரியும்.

பிபிசியின் டாக்டர் ஹூ வேறு சங்கதி. 1963 நவம்பர் 23-இல் தொடங்கி 1989 வரை ஓடிய அந்தத் தொடரில் ஸ்டுடியோக் காட்சிகள் வீடியோ கேமராவிலும், வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி 16 மி.மீ. ஃபிலிமிலும் எடுக்கப்பட்டன. 1978 முதல் 1981 வரை வந்த பிளேக்ஸ் 7-இன் 52 அத்தியாயங்களும் இதே கலவைதான். வீடியோவில் எடுத்த பகுதிக்கு 625 வரி 'பால்' (PAL, பிரிட்டனிலும் இந்தியாவிலும் இருந்த டிவி முறை) தான் உச்சவரம்பு. அதில் படமாகத் தெரிவது 576 வரி. எந்தப் புளூ-ரேயாலும் அதற்கு மேல் புதிதாக நுணுக்கம் கொண்டுவர முடியாது. இங்கே நாம் காப்பாற்ற வேண்டியது கூர்மையை அல்ல, அசைவை. வீடியோ கேமரா விநாடிக்கு 50 ஃபீல்டு, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாக 50 பாதிப் படம், பதிகிறது, அதனால் நேரலைக் கிரிக்கெட் போல அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபிலிமோ விநாடிக்கு 24 அல்லது 25 படம்தான். அதில் சினிமாவின் அந்த லேசான துடிப்பு இருக்கும்.

கண்ணாலேயே சோதிக்கலாம். டாக்டர் ஹூவில் யாராவது கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உள்ளே நிற்கும்வரை உடலசைவு நீர் போல ஓடும், முகத்தில் வெளிச்சம் தட்டையாக விழும். வாசலைத் தாண்டிய அடுத்த ஷாட்டில் அசைவு மாறி, லேசாகப் பொடி தூவியது போல ஃபிலிமின் துகள் தெரியும். இந்த மாற்றம் உங்கள் டிவியில் தெரிந்தால் எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது. உள்ளும் வெளியும் ஒன்றுபோலத் தெரிந்தால் எங்கோ ஒரு செட்டிங் தொடரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. த ட்விலைட் ஸோன் 1959 முதல் 1964 வரை 156 அத்தியாயங்கள், ஏறத்தாழ எல்லாம் ஃபிலிம். இரண்டாம் பருவத்தில் ஆறு அத்தியாயங்களை மட்டும் செலவைக் குறைக்க வீடியோ டேப்பில் எடுத்தார்கள். அவை மங்கலாகத்தான் இருக்கும், டிஸ்க்கில் பழுது என்று கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டாம். 1987 முதல் 1994 வரை வந்த ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன் இன்னொரு விதம். 178 அத்தியாயங்களையும் ஃபிலிமில் எடுத்துவிட்டு, எடிட்டிங்கையும் விண்வெளிக் காட்சி ஒட்டுவேலையையும் அமெரிக்க என்டிஎஸ்சி வீடியோவில் முடித்தார்கள். டிவிடியில் இருப்பது அந்த வீடியோ. 2012 முதல் வந்த புளூ-ரேக்குத்தான் மூல ஃபிலிமைத் தேடி எடுத்து, ஒவ்வொரு ஷாட்டாக மறுபடி ஸ்கேன் செய்து, முழுத் தொடரையும் புதிதாக வெட்டி ஒட்டினார்கள். இந்தத் தொடரை டிவிடியில் வாங்குவது வீண். அடுத்து வந்த டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வாயேஜருக்கும் அந்த வேலை நடக்கவில்லை, அவற்றுக்கு என்டிஎஸ்சி டிவிடியே போதும்.

எந்த ஊர் டிஸ்க்

வீடியோத் தொடருக்கு நாங்கள் சொல்வது: பிறந்த ஊர்ப் பதிப்பை வாங்குங்கள். பிரிட்டிஷ் தொடருக்குப் பால், அமெரிக்கத் தொடருக்கு என்டிஎஸ்சி. பாலை என்டிஎஸ்சியாக மாற்றும்போது விநாடிக்கு 50 ஃபீல்டை ஏறத்தாழ 60 ஆக்க இரண்டு மூன்றைக் கலக்கிறார்கள். வேகமாக ஓடும் ஆளின் கைகால் நிழலோடு இரட்டையாகத் தெரிவது இதனால்தான்.

அமெரிக்க ஃபிலிம் தொடருக்குப் பால் டிவிடி வாங்கினால் வேறு சிக்கல். 24 படத்தை 25 ஆக ஓட்டுவதால் வேகம் 4 சதவீதம் கூடும். 50 நிமிட ஸ்டார் ட்ரெக் அத்தியாயம் 48 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். பாட்டுக் காது உள்ளவர்கள் தலைப்பு இசையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். புளூ-ரேயில் 24-ஆகவே பதிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மதுரையில் இந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பெட்டியில்தான் வந்து சேரும். அதனால் மண்டல எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். டிவிடிக்கு அமெரிக்கா 1, பிரிட்டனும் துபாய், ரியாத் பக்கமும் 2, சிங்கப்பூர், மலேசியா 3, இந்தியா 5. புளூ-ரேக்கு அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, பிரிட்டனும் வளைகுடாவும் பி, இந்தியா சி. புளூ-ரேயில் மண்டலத்தைப் பூட்டாமல் விடும் பதிப்புகளும் நிறைய. வாங்கச் சொல்லும்போதே "அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா" என்று கேட்டு நான்கு விஷயம் பாருங்கள்: மண்டலக் குறி, பாலா என்டிஎஸ்சியா, ஓடும் நேரம், படத்தின் அகல உயர விகிதம். பழைய தொடர் என்றால் 4:3 அல்லது 1.33:1 என்று இருக்க வேண்டும். 16:9 என்று போட்டிருந்தால் மேலும் கீழும் வெட்டி அகலத்திரை ஆக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தலை போன கேப்டனைப் பார்க்க வேண்டியதில்லை, வேறு பதிப்பு தேடுங்கள். பாபிலோன் 5 கூட 2023-இல் புளூ-ரேயாக வந்தபோது 4:3-க்கே திரும்பியது.

கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதிலேயே நின்றுவிடும். வெளிநாட்டு டிஸ்க் நிறைய இருந்தால் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்குவதே மேல்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல வெளிச்சப் புள்ளி தெரிந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு போய்விட்டது, சரிசெய்ய வழியில்லை. கைரேகையும் தூசியும் என்றால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், தண்ணீர், மெத்தென்ற துணி போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, கை படுவது வெளி ஓரத்தில். எனவே ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் கடைசி அத்தியாயம்தான் முதலில் திக்கும். இரட்டை அடுக்கு டிஸ்க்கில் வெளி ஓரம் வரை போய்த் திரும்பி வருவதால் நடு அத்தியாயம் திக்கும். வாங்கும் இடத்திலேயே சோதிக்க வாய்ப்பிருந்தால் முதல் காட்சியைப் பார்க்காமல் இந்த இடங்களைப் போட்டுப் பாருங்கள்.

பழைய விசிடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் 352-க்கு 288 புள்ளிதான். 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் இருக்கும் 'டேட்' கோப்பை விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் திறந்தால் ஓடும். வீட்டில் எரித்த சிடியாக இருந்தால் அதன் சாயம் வெளிறும் முன் இன்றே நகலெடுத்து வையுங்கள்.

டிவியில் அணைக்க வேண்டியவை

புது டிவி வாங்கியதும் முதல் வேலை, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைப்பது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். பட மெனுவில் 'மோஷன்' அல்லது 'ஸ்மூத்' என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள். இது ஓடிக்கொண்டிருந்தால் ஃபிலிமில் எடுத்த ஸ்டார் ட்ரெக் மதிய நேர சீரியல் போலத் தெரியும். அடுத்து ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய படத்தில் அதைக் கூட்டினால் ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் வெள்ளைக் கோடு விழும். திரையை நிரப்பும் 'வைட்', 'ஜூம்' எதையும் தொடாதீர்கள். இருபக்கமும் கருப்புப் பட்டை விட்டு நடுவில் 4:3 படம் நிற்பதுதான் சரி. வீட்டில் பெரியவர்கள் "படம் முழுசா வரல" என்பார்கள். நடிகர் முகம் அகலமாகிப் பூசணிக்காய் ஆவதை ஒருமுறை மாற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

மலிவு டிவிடி பிளேயரில் இரண்டு பொறி. அமைப்பு மெனுவில் டிவி வகை 16:9 என்றும், சிஸ்டம் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' என்றும் இருக்க வேண்டும். 'பால்' என்றே வைத்திருந்தால் அமெரிக்க டிஸ்க்கை அது தானே மாற்றப் பார்க்கும், கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் உதறும். இன்னொன்று, பல ரிமோட்டுகளில் பால்-என்டிஎஸ்சி மாற்றும் பட்டன் தனியாக இருக்கிறது. குழந்தைகள் கை பட்டால் படம் கருப்பு வெள்ளையாகும் அல்லது உருள ஆரம்பிக்கும். பிளேயர் போய்விட்டது என்று ரிப்பேருக்குத் தூக்கும் முன் அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் விஎல்சி வழியாகப் பார்ப்பவர்களுக்கு: டாக்டர் ஹூ போன்ற வீடியோத் தொடருக்கு டீஇன்டர்லேஸை (பாதிப் படங்களை முழுப் படமாக்கும் வசதி) ஆன் செய்து 'யாடிஃப் 2எக்ஸ்' வையுங்கள். 2எக்ஸ் இல்லாத வெறும் 'யாடிஃப்' 50 அசைவை 25 ஆக்கிவிடும், மேலே சொன்ன கதவுச் சோதனையில் வித்தியாசம் மறைந்துபோகும். என்டிஎஸ்சி டிவிடியில் இருக்கும் ஃபிலிம் தொடருக்கு 'ஃபிலிம் என்டிஎஸ்சி' என்ற தேர்வு இருக்கிறது, அது 24 படத்தையும் பிரித்து எடுத்துத் தரும்.

ஸ்டார் ட்ரெக் புளூ-ரேயில் 2006-இல் தொடங்கிச் செய்த புதிய கணினி விண்வெளிக் காட்சிகளும் உண்டு, 1960-களின் அசல் மாடல் காட்சிகளும் உண்டு. மெனுவில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அசலைப் பாருங்கள். கப்பல் கடக்கும்போது ஓரத்தில் தெரியும் ஒட்டு, அந்தக் காலக் கலைஞர்கள் ஃபிலிமை அடுக்கடுக்காக அச்சிட்ட வேலையின் தடம். அதை அழித்துவிட்டுப் பார்ப்பதற்கு நம் மனம் ஒப்பவில்லை.

டாக்டர் ஹூவின் பழைய கதைகளில் சில காணாமல் போனதற்குக் காரணம் தெரிந்திருந்தால் தேடும் வேலை மிச்சம். டேப் விலை அதிகம் என்பதால் 1970-களின் பிற்பகுதி வரை பிபிசி பதிவுகளை அழித்து மறுபயன் செய்தது. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மி.மீ. ஃபிலிம் நகல்கள் வழியாகத்தான் 1960-களின் கதைகளில் பெரும்பகுதி தப்பியது. ஃபிலிமுக்குப் போனதால் போய்விட்ட 50 ஃபீல்டு அசைவை 'விட்ஃபயர்' என்ற முறையில் டிவிடிகளில் மீட்டிருக்கிறார்கள். கருப்பு வெள்ளைக் கதை டிவிடியில் வழுக்கலாக ஓடினால் அது கோளாறு அல்ல, சரியான வேலை.

பரணில் இருக்கும் கேசட்

கடையில் வாங்கிய கேசட்டை நகலெடுக்க மெனக்கெட வேண்டாம். அதே தொடர் டிஸ்க்காக வந்திருக்கும், படமும் நன்றாக இருக்கும். விஎச்எஸ் கேசட்டின் கூர்மை பக்கவாட்டில் சுமார் 240 வரிதான். வீட்டில் டெக்கை (கேசட் ஓட்டும், பதியும் விசிஆர்) வைத்து டிவியிலிருந்து பதிந்த கேசட்டுக்குத்தான் மதிப்பு. 1980-களில் தூர்தர்ஷன் காட்டிய ஸ்டார் ட்ரெக், 1989-இன் இந்திரதனுஷ், 1998-இல் கேதன் மேத்தா இயக்கி மிலிந்த் சோமன் நடித்த கேப்டன் வியோம் போன்றவை, நடுவில் வரும் விளம்பரம், அறிவிப்பாளர் முகம், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையோடு இருந்தால் அது வேறெங்கும் விலைக்குக் கிடைக்காது. தென்மாவட்டங்களில் உயரக் குழாய் நட்டு ஆன்டெனா திருப்பி இலங்கையின் ரூபவாகினி டிவியைப் பிடித்த வீடுகளில் அந்தப் பதிவுகளும் கிடக்கலாம். லேபிளில் "மாப்பிள்ளை அழைப்பு" என்று இருந்தாலும் கடைசி அரை மணியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

எடுத்தவுடன் டெக்கில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மதுரை வெயில் டேப்பை வாட்டும், ஐப்பசி கார்த்திகை அடைமழை பூசணம் பிடிக்க வைக்கும். தேனி, கம்பம், கொடைக்கானல் பக்கத்து வீடுகளில் பூசணம் இன்னும் கூடுதல். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றப்பட்ட டேப்பின் பக்கவாட்டு கண்ணாடி போலக் கருப்பாகப் பளபளக்க வேண்டும். விபூதி தூவியது போல வெள்ளையோ, சாம்பல் நிறத் திட்டோ தெரிந்தால் பூசணம். அதைப் போட்டால் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைபடும், பிறகு போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.

பூசணம் பிடித்த கேசட்டை முதலில் காய வைக்க வேண்டும். வெயிலில் அல்ல. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் பத்து கேசட்டுக்கு கால் கிலோ சிலிக்கா ஜெல் கணக்கில் போட்டு இரண்டு வாரம் விடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, வீட்டுக்கு வேண்டாம். காய்ந்த பூசணம் பிசுபிசுப்பை இழந்து பொடியாகிவிடும், துடைத்தால் வரும்.

துடைக்கும் வேலையை மொட்டைமாடியில் காற்றில்லாத நேரத்தில், என்95 மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வரக்கூடாது. கேசட்டைக் கவிழ்த்தால் அடியில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். கழற்றியபின் கவிழ்த்த நிலையிலேயே திறக்காதீர்கள், ஸ்பிரிங்கும் சின்ன உருளையும் தெறித்து ஓடும். இரு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடி நிமிர்த்திப் பிறகு மேல்மூடியைத் தூக்குங்கள். டேப் போகும் பாதையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் பொடியை, நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்து ஒற்றி எடுங்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானமும் இருக்கும், நகப்பூச்சு நீக்கி பிளாஸ்டிக்கையே கரைக்கும், இரண்டும் ஆகாது. பிறகு மூடி, காயலான் கடையில் கிடைத்த ஒரு பழைய டெக்கைத் தியாகத்துக்கு என்று ஒதுக்கி, அதில் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். நல்ல டெக்கில் இந்த வேலை செய்யக்கூடாது.

டேப் அறுந்திருந்தால் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பை, ஹெட் தொடாத முதுகுப் பக்கத்தில் ஒட்டுங்கள். விஎச்எஸ் கேசட்டில் வெளியே பார்த்திருக்கும் பக்கம்தான் ஹெட்டைத் தொடும், உள்பக்கம் முதுகு. செலோடேப் கூடவே கூடாது. வெயிலில் அதன் பசை உருகி ஹெட்டில் ஏறும். கசங்கிய துண்டை வெட்டிவிடுங்கள். ஒரு விநாடிக்கு 2.3 செ.மீ.தான் டேப் ஓடுகிறது, பத்து செ.மீ. போனாலும் நாலைந்து விநாடிக் காட்சிதான் நஷ்டம்.

டெக்

வேலை செய்யும் டெக் கிடைப்பது குறைந்துவிட்டது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால் பழைய மெக்கானிக் யாரையாவது கைகாட்டுவார்கள். நான்கு ஹெட் உள்ளதாக, முடிந்தால் மேம்பட்ட எஸ்-விஎச்எஸ் வகையாக, உள்ளேயே டைம் பேஸ் கரெக்டர் இருப்பதாகப் பாருங்கள். இந்தக் கருவி இல்லாவிட்டால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் பாம்பு போல நெளியும். அமெரிக்காவிலிருந்து வந்த டெக் 120 வோல்ட், நேரே செருகினால் புகைதான்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்த டெக், கேசட்டை வாங்கிக்கொண்டு டேப்பை டிரம்மில் (ஹெட் பதிந்த சுழலும் உருளை) சுற்றும் பாதியிலேயே நின்றுவிடும். அப்படிச் சிக்கினால் எஜெக்டை மறுபடி மறுபடி அழுத்தாமல் பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைத் திறந்து, லோடிங் மோட்டார் கப்பியைக் கையால் சுற்றி டேப்பை விடுவியுங்கள்.

ஹெட் துடைக்க: பிளக்கைப் பிடுங்குங்கள். வெள்ளை பிரிண்டர் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கத்தில் லேசாக ஒட்டிப் பிடியுங்கள். மறுகையால் டிரம்மின் உச்சியைப் பிடித்து நாலைந்து சுற்று சுற்றுங்கள். தாள் அசையக்கூடாது, டிரம்தான் அசைய வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலைமுடியைவிடச் சன்னமான ஹெட் முனை உடைந்துவிடும், காது குடையும் பஞ்சுக் குச்சி பட்டால் நூல் மாட்டி அதைப் பிடுங்கிவிடும். தாளில் பழுப்புக் கோடு வராத வரை புதுத் துண்டால் திரும்பச் செய்து, அரை மணி காய விடுங்கள்.

படத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். ஒலி நன்றாகக் கேட்டு படம் முழுக்கப் பொரிந்தால் ஹெட் அடைப்பு. ஒரு பட்டை மட்டும் பொரிந்து டிராக்கிங்கைத் திருப்பினால் நகர்ந்தால் டேப் பாதைச் சிக்கல். உச்சி மட்டும் ஒரு பக்கம் வளைந்தால் டேப் இழுவிசை. கருப்பு வெள்ளையாக மட்டும் வந்தால் நிறமுறை பொருந்தவில்லை. சவூதியிலிருந்து அந்தக் காலத்தில் வந்த கேசட்டுகளில் மீசிகேம் முறைப் பதிவு உண்டு, அதற்கு அந்த முறையும் தெரிந்த வளைகுடா டெக் வேண்டும். கரகரப்பான ஸ்டீரியோ ஒலிக்கு ஆடியோவை 'நார்மல்' தடத்துக்கு மாற்றுங்கள். என்ன செய்தாலும் அசையாத மெல்லிய பனி என்றால், அது அன்று சிக்னல் சரியாகக் கிடைக்காமல் பதிவிலேயே ஏறியது. அதைப் போக்க முடியாது, போக்கவும் வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு ஏற்றுதல்

தேவை: யுஎஸ்பி கேப்சர் கருவி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிள், டெக்கில் எஸ்-வீடியோ இருந்தால் அந்த நான்கு முள் கேபிள், விர்ச்சுவல்டப் மென்பொருள். செட்டிங்: பால், 720-க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம், ஒய்யுஒய்2 (YUY2) நிற வடிவம், ஹஃப்யுவி சுருக்கம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். மணிக்கு 30 முதல் 35 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேர ஈ-180 கேசட்டுக்கு 100 ஜிபி என்று வையுங்கள், பத்து கேசட்டுக்கு ஒரு டிபி. ஏற்றும்போதே எம்பி4 ஆக்கும் வசதியைத் தவிருங்கள். பழைய டேப்பின் பொரிச்சலைச் சுருக்கத் தெரியாமல் அது முகங்களைக் கட்டம் கட்டமாக்கும்.

ஒலியையும் அதே யுஎஸ்பி கருவி வழியாகவே எடுங்கள். ஒலியைத் தனியே மைக் துளையில் கொடுத்தால் இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாமல் ஒரு மணி நேரத்தில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் ஆகிவிடும். ஏற்றும்போது டெக்கிலிருந்து கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள், படத்தில் மெல்ல மேலேறும் பட்டை அதனால்தான் வரும். பவர்கட்டில் கோப்பு பாதியில் அறுந்தால் திறக்க மாட்டாது. யுபிஎஸ் வையுங்கள், சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிவிட்டு, அதன்பின் முதல் தடவை படம் ஓடும்போதே பதியுங்கள். நலிந்த டேப் இரண்டாவது தடவைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

பார்ப்பதற்கான நகலை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் செய்யலாம். டீஇன்டர்லேஸில் 'பிடபிள்யூடிஃப்', அதில் 'பாப்', ஃபிரேம் வேகம் 50, எக்ஸ்264, தரம் 17 அல்லது 18. அசைவு முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. இப்படி ஏற்றியதில் மேல் ஃபீல்டு முதலில் வரும், டிஜிட்டல் கேம்கார்டரின் DV வகைக் கோப்பில்தான் கீழ் ஃபீல்டு முதலில். படத்தின் அடியில் எட்டுப் பத்து வரி கிழிந்தாற்போலத் தெரிவது எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. பழைய டிவி அதை விளிம்புக்குள் மறைத்துக் காட்டியது. வெட்டாமல் கருப்பால் மூடுங்கள், வெட்டினால் விகிதம் கெடும். இந்த நகல் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். இணையத்தில் ஏற்றுவதும் பிரதி போட்டு விற்பதும் உரிமை மீறல்.

மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நாளைக்கு நல்ல மென்பொருள் வரும்போது அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து ஒன்றை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் கொடுங்கள். கேசட்டை முழுக்கச் சுற்றி, புத்தகம் போல நிற்க வைத்து, மொட்டைமாடிச் சூடு நேரே இறங்கும் பரணை விட்டு வடக்குச் சுவர் அலமாரிக்கு மாற்றுங்கள். லேபிளில் தொடர் பெயர், எந்தச் சேனல், தெரிந்தால் தேதி, எந்த டெக்கில் ஏற்றியது, எத்தனையாவது நிமிடத்தில் டேப் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும்.